95 டிகிரி வரைக்கும்

மார்ச் 3
சிலிக்கான் சிப்பில் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைச் சூடாக்கி ஆற்றி நகலெடுத்துப் பெருக்குவது. இன்றும் குமிழி.

மார்ச் 4
95 டிகிரியைத் தொடும்வரை ஒழுங்காகத்தான் போகிறது. அப்புறம் சிப்புக்குள் இருக்கும் சிறு அறையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒன்று முளைக்கும். பெருத்துப் பெருத்து, உள்ளே இருக்கும் 3 மைக்ரோலிட்டர் கலவையையும் வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். நீரில் கரைந்த காற்று சூட்டில் வெளியே வரும் என்பது பள்ளிப் பாடம். தெரிந்து என்ன பயன்?

மார்ச் 7
கலவையை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்தேன். இரு வாயையும் மினரல் ஆயிலால் அடைத்தேன். குமிழி இல்லை! 30 சுழற்சியும் முடிந்தது.
டிஎன்ஏ பெருகியிருந்தால் ஜெல்லில் பட்டையாகத் தெரியும். ஒன்றுமே இல்லை. வழக்கமான சிறு குழாயில் ஓட்டிய அதே கலவையில் பட்டை பளிச்சென்று நிற்கிறது.

மார்ச் 8
தூக்கமில்லை. வெறும் சிலிக்கான் பிசிஆரை முடக்கும், ஆக்சைடு பூசினால் நடக்கும் என்று 1996-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். அந்த வரிக்கு அடிக்கோடு போட்டதே நான்தான். ஆக்சைடும் வளர்த்தேன். வளர்த்துவிட்டு, கண்ணாடியோடு பிணைக்கும் முன் 'சுத்தம்' என்று எச்எஃப்பில் (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) முக்கினேன். எச்எஃப் கரைப்பதே ஆக்சைடைத்தானே! குழாயில் சுவர் கொஞ்சம், திரவம் நிறைய. சிப்பில் எங்கே திரும்பினாலும் சுவர். நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் அதில் போய் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மார்ச் 10
சுவரைப் பூசட்டும் என்று பிஎஸ்ஏ என்ற புரதம் சேர்த்தேன். மங்கலாக ஏதோ. இருக்கிறதென்று நினைத்தால் இருக்கிறது.

மார்ச் 11
ஆக்சைடை மறுபடி வளர்க்க உலைக்கு வரிசை. ஒன்பது நாள்.

மார்ச் 14
"குழாயிலேயே வருதே, சிப் எதுக்கு?" என்றார் கைடு. விளையாட்டாகத்தான். சிலிக்கான் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் சூடு கடத்தும், அறையும் சின்னது, ஒரு சுழற்சி நொடிகளில் முடியும் என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவைத்தேன்.

மார்ச் 21
கண்ணாடியோடு பிணைப்பு. 380 டிகிரி, 800 வோல்ட். ஊசி தொட்ட இடத்திலிருந்து கருஞ்சாம்பல் நிறம் மெல்லப் பரவுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஒரு மூலையில் மட்டும் வானவில் வளையங்கள். நடுவில் ஒரே ஒரு தூசி. மூன்று சிப் போச்சு. சிப் 17 தப்பியது.

மார்ச் 24
பட்டை! சரியான நீளத்தில், குழாய்ப் பட்டைக்கு நேராக.

மார்ச் 24, இரவு
டிஎன்ஏ போடாமல் ஓட்டிய சிப்பிலும் அதே பட்டை. கழுவி மறுபடி எடுத்த பழைய சிப் அது.

மார்ச் 26
ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு), தண்ணீர், பிப்பெட் நுனி எல்லாம் புதிது. சிப்பும் புதிது, 18. சூடேறுகிறது. 71 டிகிரி.