துலா, துலா

ஜூலை 9, 2023, ஞாயிறு
குறைமாதத்தில் பிறந்த என் மகள் இன்று 1,020 கிராம். நேற்று 1,035. முதல் வாரத்தில் எடை இறங்கத்தான் செய்யுமாம். இறங்காமல் இருக்கட்டுமே.

ஜூலை 11, செவ்வாய்
அவளை வைத்திருக்கிற சூட்டுப்பெட்டியான இன்குபேட்டரில் கை நுழைக்கிற அந்த வட்டக் கதவு. மூடும்போது "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் நமக்கு. உள்ளே அவளுக்கு இரண்டு கைகளும் விரிந்து பத்து விரல்களும் விறைத்துவிடுகின்றன. திரையில் இரத்த ஆக்ஸிஜன் அளவு 94-இலிருந்து 86-க்குச் சரிகிறது. அலாரம் அடிக்கிறது. அந்த அலாரத்துக்கு இன்னொரு தடவை திடுக்கிடுகிறாள்.

28 வாரத்தில் பிறந்தவளுக்குக் காது கேட்கும். வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் நீர் வடிகட்டிய மங்கலான ஒலிதான் எட்டியிருக்கும். இங்கே எல்லாம் நேராக வந்து அறைகிறது.

ஜூலை 12
குப்பைத் தொட்டியின் இரும்பு மூடி. காலையில் மட்டும் 17 தடவை.

ஜூலை 14, வெள்ளி
இவர் வார்டின் சத்தத்தைக் கைபேசியில் அளந்து பார்த்தார்: 62 டெசிபல். கதவு மூடும்போது 81. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 45-ஐத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1997-லேயே சொல்லிவிட்டார்கள். பகல் சிஸ்டரிடம் சொன்னேன். "குழந்தைகள் பிழைப்பதே பெரிய காரியம் அம்மா" என்றார். பிழைத்த பிறகு வளர வேண்டுமே? மூளை வளர்கிற வாரங்கள் இவைதானே?

இரவு வருகிற சிஸ்டர், இங்கே தென்னாப்பிரிக்காவின் ஸூலு இனத்தவர், வேறு மாதிரி. தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார். சத்தமே இல்லை. "துலா, துலா" என்கிறார் அவளிடம். அவர்கள் மொழியில் "சத்தம் வேண்டாம், அமைதி" என்று பொருளாம்.

ஜூலை 16
மின்வெட்டு. ஜெனரேட்டர் வருவதற்குள் இன்குபேட்டர்கள் எல்லாம் சேர்ந்து அலறின. சில நொடிகள்தான். அவள் மேல் கவிழ்ந்து நின்றேன், ஏதோ என் முதுகு சத்தத்தைத் தடுத்துவிடும் என்பதுபோல.

ஜூலை 20
மருத்துவர் இன்குபேட்டர் மேல் தடித்த துணி போடச் சொன்னார். இரவில் இருட்டு, பகலில் மங்கலான வெளிச்சம். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: சத்தம்தான் கூடாது, தாயின் குரல் வேண்டும். பதினாறு நாட்களாக அவளிடம் நான் வாயே திறக்கவில்லை. என் குரலும் அவளை அறையுமோ என்று பயந்தேன்.

ஜூலை 21
ஆடி முதல் வெள்ளி. டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் கோயிலிலிருந்து அத்தை கஞ்சி கொண்டுவந்தார். குடித்தேன்.

ஜூலை 22, சனி
நெஞ்சில் வைத்தார்கள். சட்டைக்குள், தோலோடு தோலாக, நாற்பது நிமிடம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதாம் இந்தக் கங்காரு முறை. என் கை அளவுகூட இல்லாத முதுகு, ஈரப் பஞ்சு போலச் சூடு.

பேசினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நாளைச் சொன்னேன். நடுவில் குப்பைத் தொட்டி மூடி விழுந்தது. விரல்கள் விரிந்தன. நான் நிறுத்தவில்லை. மெல்ல மடங்கின. ஆக்ஸிஜன் 96.

ஜூலை 24
1,165. இன்று இரவு புது சிஸ்டர். கதவை எப்படிச் சாத்துவது என்று காட்ட வேண்டும்.