வாலை நம்பி எழுதிய கணக்கு

ஜனவரி 18, குன்னூர்
வெயில் ஏறியதும் தேயிலைத் தோட்டத்து மின்கம்பியில் தகைவிலான் என்னும் சிறு பறவைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. மொத்தம் 11. வாலில் ஊசி போல நீண்ட இறகு இருந்தால் வடக்கிலிருந்து வலசை வந்தது, வால் குட்டையாக இருந்தால் இங்கேயே வாழும் மலைத் தகைவிலான் என்று பிரித்து 6, 5 என்று எழுதிவைத்தேன்.

ஜனவரி 19
நேற்றைய கணக்கு தப்பு. இன்று பைனாகுலரில் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தேன். குட்டை வால்காரர்களிலும் மூன்றுக்குத் தொண்டைச் சிவப்பின் கீழே, வலசை வந்தவற்றுக்கே உரிய கருநீலப் பட்டை மார்பில் ஓடுகிறது. ஒன்று திரும்பி உட்கார்ந்து இறகு கோதியபோது விஷயம் புரிந்தது: ஒரு பக்க ஊசி பாதிதான் வளர்ந்திருக்கிறது, மறுபக்கம் ஊசியே இல்லை. வலசைத் தகைவிலான்கள் குளிர்காலத்தில்தான் இறகு மாற்றுகின்றன. போன கோடையில் பிறந்த இளசுகளுக்கும் வால் குட்டைதான். இந்த மாதங்களில் வாலைப் பார்த்து முடிவுக்கு வரவே கூடாது. மார்புதான் சாட்சி.

பிப்ரவரி 2
மலைத் தகைவிலான் ஒன்று தலைக்கு மேலேயே வெகுநேரம் இருந்தது. செங்கல் நிறம் தொண்டையிலிருந்து மார்புக்கு இறங்கி, பட்டை எதுவும் குறுக்கிடாமல் வயிற்றின் சாம்பலில் கலக்கிறது. வலசைக்காரருக்கு வயிறு பால் வெள்ளை. வாலடி இறகுகள் மலைத் தகைவிலானுக்குக் கருப்பு; ஒவ்வொன்றின் ஓரமும் வெளிறி, மீன் செதில் மாதிரி. கம்பிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

மார்ச் 9
வராந்தா உத்தரத்தில் மலைத் தகைவிலான்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. சின்னச் சின்ன மண் உருண்டைகள், இன்னும் ஈரம் காயவில்லை. "தரையெல்லாம் மண்ணு தம்பி, தட்டி விட்டுடவா?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். "வேண்டாம்க்கா, நானே கூட்டிடுறேன்" என்று சொல்லிக் கீழே அட்டை விரித்தேன். பறவையியலாளர் ஜெர்டன் இதற்கு வைத்த லத்தீன் பெயர் டொமிகோலா, அதாவது வீட்டில் குடியிருப்பது. அந்தப் பெயரை இப்போது என் தலைக்கு மேலேயே பார்க்கிறேன். வலசை வந்தவை இங்கே கூடு கட்டுவதில்லை; அவற்றின் கூடெல்லாம் இமயத்திலும் அதற்கு வடக்கிலும்.

ஏப்ரல் 16
நாலு நாளாகக் கம்பியில் பட்டை மார்பு ஒன்றுகூட இல்லை. கூட்டில் மூன்று மஞ்சள் வாய்கள். தாயா தந்தையா தெரியவில்லை, வாய் நிறையப் பூச்சியோடு கதவுக்கு மேலே வந்து, நான் நகரும்வரை காத்திருந்தது.