பிஸ்கட் தண்ணீர் குடிக்கவில்லை

விடிகாலை 5 மணி, அக்டோபர் குளிர். லாயத்து விளக்கு வெளிச்சத்தில் என் மகள் குனிந்து பிஸ்கட்டின் கால்களுக்கு மெத்தை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். லாரி பிரேக் போடும்போது ஒரு காலின் குளம்பு இன்னொரு காலில் பட்டுக் காயமாகாமல் இருக்கத்தான் அந்த உறை. பிஸ்கட் செம்பழுப்புப் போனி, அதாவது குட்டை இனக் குதிரை, வயது 21. எங்களுடையது இல்லை. எங்கள் குதிரையேற்ற கிளப்பில் இன்னொரு குடும்பம், தங்கள் பையன் வளர்ந்துவிட்டதால், இவளுக்கு இரவலாகக் கொடுத்தது.

இங்கிலாந்தில் குதிரையேற்றம் என்றாலே பணக்கார வீட்டு விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நாங்கள் புறப்பட்டது பிரின்ஸ் பிலிப் கோப்பைக்கு. விலை உயர்ந்த குதிரை வாங்க வழியில்லாத பிள்ளைகளும் சாதாரணப் போனியோடு கலந்துகொள்ள ஒரு போட்டி வேண்டும் என்று எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப் கேட்க, கர்னல் மைக் ஆன்செல் உருவாக்கியது. 1957-இல் தொடங்கியது. கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவது, கொடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவது, ஓடுகிற போனி மேல் தாவி ஏறுவது என்று எல்லாமே வேக விளையாட்டு. ஒரு அணிக்கு 5 பிள்ளைகள், 5 போனிகள். எல்லோரும் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாடு முழுவதிலுமிருந்து தேறிவரும் 6 அணிகள்தான் பர்மிங்ஹாமில் ‘ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ’ என்ற பெரிய குதிரை விழாவில் இறுதிச் சுற்று ஆடும். எங்கள் கிளப்புக்கு இது முதல் முறை.

எம்40 சாலையில் வடக்கே போனோம். லாரிக்குப் பின்னால் காரில் நான், பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். யாரும் பேசவில்லை. வழியில் வார்விக் சர்வீஸ் என்ற சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தி போனிகளுக்குத் தண்ணீர் காட்டினோம். மற்றவை குடித்தன. பிஸ்கட் வாளிக்குள் மூக்கை விட்டு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“வண்டியில வந்த களைப்பும்மா, அங்க போய்க் குடிச்சிடும்” என்றாள் மகள். குரல் சரியாக இல்லை.

பர்மிங்ஹாமில் தற்காலிக லாயங்கள் வரிசை வரிசையாக நின்றன. பெரிய பெரிய குதிரைகள், பளபளக்கும் சேணங்கள். எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையைத் தொட்டுப் பார்க்காமல் வளர்ந்தவள் நான். இவள் அந்தக் கூட்டத்துக்கு நடுவே பிஸ்கட்டை நடத்திக்கொண்டு போனதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

மத்தியானமும் குடிக்கவில்லை. பயிற்சியாளர் அம்மா வந்து ஈறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் விலாவில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சூடான, தூசி வாசமடிக்கிற ரோமத்துக்குள்ளே தூரத்து இடி மாதிரி குடல் உருண்டது. அந்தச் சத்தம் இருக்கும் வரை நல்லது என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தண்ணீர் போதாமல் காய்ந்த புல் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊர் மாறினால் தண்ணீரின் வாசனை மாறும். சில குதிரைகளுக்கு அது ஆகாது. வீட்டுத் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து வராமல் விட்டோமே என்று எனக்கு ஆறவில்லை. ஆப்பிள் ஜூஸ் கொஞ்சம் கலந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த போனியிடம் போனார்.

ராத்திரி அரங்கத்தைக் காட்டக் கூட்டிப்போனோம். காலி இருக்கைகள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். மற்ற போனிகள் மிரண்டு பக்கவாட்டில் துள்ளின. பிஸ்கட் மட்டும் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. இந்த மாதிரி அரங்கம் அதற்குப் புதிதில்லை போலிருக்கிறது. கடிவாளத்தைப் பிடித்திருந்த மகளின் கைதான் நடுங்கியது.

திரும்பி வந்து மணி 11 ஆகியும் அவள் தூங்கப் போகவில்லை. தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, ஜூஸ் கலந்த தண்ணீர் வாளியை மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். “போய்ப் படும்மா, நான் பார்த்துக்கிறேன்” என்றேன். “நீங்க போங்கம்மா” என்றாள். நானும் போகவில்லை.

பிஸ்கட் தலையைத் தாழ்த்தி விரலால் அளைவது போல் உதட்டால் தண்ணீரை அளைந்தது. பிறகு உறிஞ்சியது. ஒவ்வொரு மடக்குக்கும் அதன் காதுகள் முன்னும் பின்னும் அசைந்தன; கழுத்துக்கு அடியில் தண்ணீர் உருண்டு இறங்குவது தெரிந்தது. மகள் மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றில் பிஸ்கட் தலையைத் தூக்கி, ஈர மூக்கை அவள் தோளில் துடைத்தது.