ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன்

ஓவியம் தீட்ட, காட்மியம் என்ற நச்சு உலோகத்தில் செய்த காட்மியம் மஞ்சள் நிறத்தைப் பொடியாக வாங்கி, ஆளிவிதை எண்ணெயில் நானே அரைக்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. ட்யூபில் வரும் காட்மியம் பெயிண்டில் எண்ணெய் துகளைப் பிடித்து வைத்திருக்கும். பொடியில்தான் ஆபத்து. மூச்சோடு உள்ளே போனால் சிறுநீரகத்தில் தங்கிவிடும், லேசில் வெளியேறாது. நுரையீரல் புற்றுநோயும் வரலாம்.

அதனால் முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. மே மாதச் சென்னையில் வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி பண்ணி எண்ணெய் விடுவேன். புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. கத்தியால் புரட்டப் புரட்ட, வறண்டு கிடந்த பொடி சட்டென்று நாட்டுக்கோழி முட்டைக் கரு நிறத்துக்குத் திரும்பும். அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். பிறகு கண்ணாடிக் குழவியால் நிதானமாக அரைக்க வேண்டியதுதான்.

முடிந்ததும் துடைப்பத்தைத் தொடக் கூடாது, தூசி கிளம்பும். ஈரத்துணிதான். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகி, துணி தானாகவே பற்றிக்கொள்ளும். நான் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

கூத்துக்காரர் முகப்பூச்சை இன்றும் அரிதாரம் என்கிறோமே, அசல் அரிதாரம் ஆர்சனிக் சல்பைடு. சாதிலிங்கம் என்ற சிவப்பு, பாதரச சல்பைடு. இரண்டும் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். ஆனால் இரண்டும் விஷம், வீட்டில் குழந்தை இருக்கிறது, அவற்றை நான் வாங்குவதில்லை.