திலகவதியார் சந்நிதியில்

திருவதிகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்பரை நினைத்துத்தான் போவார்கள். அவருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம், அவர் முதல் பதிகம் பாடிய தலம். தீராத வயிற்று வலி என்றால் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. நான் போனது அவருடைய அக்காவுக்காக.

எனக்கு ஒரே தம்பி. அப்பா காலமான பிறகு அம்மாவும் நானும் சேர்ந்து அவனை ஆளாக்கினோம். தொழிலில் நொடித்துப்போனான். கடன் கழுத்தை நெரித்தது, அப்புறம் குடி. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். சென்னையில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும். போன் போட்டால் எடுப்பதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா, "அவன் சாப்பிட்டிருப்பானாடி?" என்று கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக்கொடுக்கும் பெரியவர்தான் ஒருநாள், "திருவதிகைக்குப் போய்ட்டு வாம்மா. அங்கே உன்ன மாதிரியே ஒரு அக்கா இருக்காங்க" என்றார்.

பண்ருட்டியில் இறங்கினால் பலாப்பழ வாசனைதான் முதலில் வரவேற்கும். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது நேரத்தில் கோயில் வந்துவிடுகிறது. சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று இது. ஈசன் முப்புரம் எரித்த இடம் என்பதால் கருவறை விமானமே தேர் போல எழும்பி நிற்கிறது. மூலவர் பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய லிங்கத் திருமேனி. குருக்கள் தீபத்தைச் சுற்றிக் காட்டும்போது வெளிச்சம் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நழுவி நழுவிப் போகிறது. வாய்விட்டு எதையாவது கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி அர்ச்சனை மட்டும் செய்துகொண்டு அக்காவைத் தேடிப் போனேன்.

திலகவதியாருக்கு இங்கே தனிச் சந்நிதி உண்டு. அப்பர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்த அம்மையாரைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். திருவாமூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே, அரசனின் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு நிச்சயம் செய்கிறார்கள். அவர் போருக்குப் போயிருக்கும்போது அப்பா புகழனார் நோயில் இறக்கிறார். அம்மா மாதினியாரும் அவரோடே உயிர் விடுகிறார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், போர்க்களத்தில் கலிப்பகையாரும் மாண்டார் என்று செய்தி வருகிறது. தானும் உயிரை விட்டுவிடலாம் என்றுதான் அந்தப் பெண் நினைக்கிறார். பின்னாளில் அப்பர் ஆன தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுகிறார். 'தம்பியார் உளராக வேண்டும்' என்ற ஒரே கருணையில் அவர் உயிரைத் தாங்கிக்கொண்டார் என்கிறார் சேக்கிழார்.

அப்படி யாருக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ, அந்தத் தம்பியும் வளர்ந்தபின் அக்காவை விட்டுப் போய்விடுகிறார். சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற பெரும் பெயரோடு இருக்கிறார். பாடலிபுத்திரம் என்பது வடக்கே எங்கேயோ இல்லை, இன்றைய கடலூரில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்தான். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும். திருவதிகை வழியாக ஓடுகிற கெடிலம்தான் கடலூருக்கும் போகிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தம்பி வராமலே இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது அந்த அம்மையார் என்ன செய்தார்? திருவதிகைக்கு வந்து ஒரு மடம் அமைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலுக்குப் போனார். கையில் துடைப்பம், மெழுகுவதற்குச் சாணம், தண்ணீருக்குத் தோண்டி. பெருக்கினார், மெழுகினார், பூக்கொய்து மாலை கட்டினார். தம்பியை ஆட்கொள்ள வேண்டும் என்று ஈசனிடம் விண்ணப்பமும் செய்துகொண்டே இருந்தார். ஒருநாள் கனவில் பதில் வந்தது: 'உன்னுடைய மனக்கவலை ஒழி நீ.' சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்றார் ஈசன்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனசு நின்றுவிடும். இறைவன் கொடுத்த வாக்கு தம்பியின் வயிற்றில் வலியாக வந்து இறங்குகிறது. குடலை முறுக்குகிற வேதனை, எந்த மந்திரத்துக்கும் அடங்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் துன்பம். ஆனால் அந்த வலிதான் அவரை ஓர் இரவில் அக்காவின் காலடியில் கொண்டுவந்து போட்டது. அக்கா கோபப்படவில்லை, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். விடியும் முன் வழக்கம்போலத் துடைப்பமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட்டிக்கொண்டு.

நான் சந்நிதியில் நின்றபோது ஓர் அம்மாள் பிராகாரம் பெருக்கிக்கொண்டிருந்தார். "யாருக்கு வேண்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"தம்பிக்கும்மா."

"அப்ப கொஞ்சம் பெருக்குங்க" என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கழுவிவிட்ட ஈரத்தில் கொன்றைப் பூவிதழ்கள் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்தன. ஈர்க்குச்சியால் நெம்பினால்தான் வருகின்றன. குனிந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். எனக்குப் பின்னாலேயே மறுபடியும் உதிர்ந்தன. மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விகள் எல்லாம் கொஞ்ச நேரம் அடங்கியிருந்தன.

அப்போதுதான் உள்ளிருந்து ஓதுவார் 'கூற்றாயினவாறு' பாடும் குரல் கேட்டது. வலியோடு அப்பர் பாடிய அந்த முதல் பதிகத்தில் ஒரு பாட்டு, 'சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடு இசை பாடல் மறந்தறியேன்' என்று தொடங்கும். 'நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன்' என்று தொடரும். இத்தனை காலம் வேறு சமயத்தில் இருந்தவர் எப்படி மறந்தறியேன் என்று சொல்கிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். அன்று கையில் துடைப்பத்தோடு கேட்டபோது எனக்கு வேறு மாதிரி பட்டது. நீரும் பூவும் தூபமும் மறக்காமல் இருந்தவர் அக்கா. நல்லது கெட்டது இரண்டிலும் மறக்காமல் இருந்தவரும் அவர்தான். தம்பிக்காகவும் சேர்த்து அவர் மறக்காமல் இருந்த கணக்கை ஈசன் தம்பி பெயரிலேயே வரவு வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. படித்தவர்கள் வேறு விளக்கம் சொல்லலாம். எனக்கு இது போதும். அழுகை வந்தது, அழுதேன்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கேட்டுக்கொண்டு, தினமும் காலையில் போய்ப் பெருக்குகிறேன். அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே பூத்தொடுத்துக் கொடுக்கிறாள். தம்பிக்குக் காலையில் ஒரு மெசேஜ் அனுப்புவேன், 'சாப்பிட்டாயா' என்று. பதில் இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் பதில் வராத போனைப் பார்த்தால் சாமி கைவிட்டுவிட்டார் என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. திலகவதியாருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர், என் தம்பி விஷயத்திலும் ஏதோ ஒரு வேலையைத் தொடங்கித்தான் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை. அதற்குள் அவன் வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு திருவதிகைக்குப் போவேன். வராவிட்டாலும் போவேன்.