ஏழு நாள் ஓய்வும் நான்கு சண்டைக் கணக்கும்

கொடுமணலில் மணிக்கற்களை ஏற்றிக்கொண்டு, நொய்யல் கரையோரமாகப் போய், பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறியை அடைய வேண்டிய ஒரு வணிகச் சாத்தை (வணிகர் கூட்டத்தை) வைத்து நான் நடத்திவரும், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம், பதினோராவது அமர்வில் மறுபடியும் சப்பென்று போய்விட்டது. மூன்று வாரம் யோசித்து அமைத்த வழிப்பறிச் சண்டையை, ஐந்தாம் நிலையில் இருந்த எங்கள் விசார்ட் (மந்திரவாதி), தன்னிடமிருந்த இரண்டு மூன்றாம் நிலை ஸ்லாட்டுகளையும் (ஓய்வெடுத்தால்தான் மீளும் மந்திர வாய்ப்புகள்) ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரமாக வீசி, இரண்டே சுற்றில் முடித்துவிட்டார். ஃபைட்டரை ஆடும் திருப்பூர்த் தம்பி வாளை உருவியதோடு சரி. "ஏனுங்கண்ணா, ஜமக்காளத்துல உக்காந்து முறுக்குத் திங்கத்தான் வந்தேனுங்களா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

குற்றம் விசார்ட்டுடையது அன்று. நாங்கள் ஆடிய டி அண்ட் டி (டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில், ஆட்டம் நடத்துபவருக்கான நூலான 2014 டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடு, ஒரு குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களைச் சமாளிக்கும் என்று கணக்கிடுகிறது. மந்திரங்களைச் சிக்கனமாகச் செலவிட வைப்பது அந்த எண்ணிக்கைதான். வாரத்துக்கு ஒரு சண்டை, அதுவும் காரணத்தோடு வர வேண்டும் என்று நினைப்பவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஆகவே அதே நூலில் உள்ள, ஓய்வை நீட்டும் கிரிட்டி ரியலிசம் விதியை நான்கு அமர்வுகளுக்கு வைத்துப் பார்த்தேன். ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எட்டு மணி நேரம், ஸ்லாட்டுகளை மீட்கும் லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) ஏழு நாள் என்று அது சொல்கிறது. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது; ஆட்டத்திலோ, சூலூரில் ஒரு வாரம், வெள்ளலூரில் ஒரு வாரம் என்று சாத்து கல்யாண வீட்டு விருந்தாளியைப் போலத் தங்கத் தொடங்கியது. மார்கழிக்குள் போய்ச் சேராவிட்டால் யவனர் கப்பல் புறப்பட்டுவிடும் என்று கெடு வைத்தபோது, வேறொரு பக்கம் கிழிந்தது: மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும், அதற்குச் செலவான ஸ்லாட்டோ ஏழு நாள் ஓய்வெடுத்தால்தான் மீளும். ஓய்வை நீட்டிய விதி, மந்திரங்களின் கால அளவை நீட்டவில்லை. ஒவ்வொன்றாக நானே திருத்தி எழுத உட்கார்ந்து, பதினேழாவது மந்திரத்தில் நோட்டை மூடிவிட்டேன்.

இப்போது ஆடுவது தர்டீன்த் ஏஜ் என்ற வேறோர் ஆட்ட விதிமுறை. இதில் முழு ஓய்வு உறக்கத்தோடு கட்டப்படவில்லை. ஏறத்தாழ நான்கு சண்டைகளுக்கு ஒருமுறை கிடைக்கிறது, இடையில் ஒரு நாள் போனாலும் ஒரு மாதம் போனாலும் கணக்கு ஒன்றுதான். அதற்கு முன்பே வேண்டுமென்றால், கதையில் ஒரு பின்னடைவை ஏற்க வேண்டும். சென்ற அமர்வில் மூன்றாம் சண்டைக்கு முன் ஓய்வு கேட்டார்கள். ஒரு பொதி மணிக்கற்களைப் பறிகொடுத்தார்கள். அந்தப் பேரம் நாற்பது நிமிடம் நடந்தது, சண்டையைவிட அதுதான் சூடாக இருந்தது. இரண்டாம் சுற்றிலிருந்து எண் ஒவ்வொன்றாக ஏறி, அந்த எண் வீரர்களின் தாக்குதலில் கூடும் எஸ்கலேஷன் பகடையால், விசார்ட்டும் பெரிய மந்திரத்தை முதல் சுற்றிலேயே வீசாமல் பொறுத்திருக்கிறார்.

அந்தப் பகடையைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் பெரிதாகச் செய்து வாங்கினேன். கனம் பிரமாதம், விளிம்பை மழுக்கச் சொல்ல மறந்ததால் மேசையில் இரண்டு வடு. போர்க்களத்துக்கு விரித்த சென்னிமலைக் கட்டம் போட்ட போர்வை, முதல் துவைப்பில் நீளவாட்டில் சுருங்கி, ஓர் அங்குலக் கட்டங்களைச் செவ்வகமாக்கிவிட்டது. துவைத்த பிறகே அளக்க வேண்டும்.

இருந்தாலும், நான்கு சண்டை என்ற கணக்கே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. கணவாய்க்குள் நுழையும்போது மித்ராஸ் என்ற இன்னோர் ஆட்ட விதிமுறைக்கு மாறிவிடலாமா என்று தனியாக ஒரு சோதனைச் சண்டை போட்டுப் பார்த்தேன். உடல் ஏழு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் கணக்கு); சராசரி மனிதனின் கைக்கு நான்கு, மார்புக்கு ஏழு. மூன்றாவது அடியிலேயே கொள்ளையன் சரணடைந்துவிட்டான். எதிரியைப் பணிய வைப்பதற்கென்றே அதில் ஒரு சிறப்பு விளைவு இருக்கிறது. கேரக்டர் ஷீட்டுகளை மாற்றி எழுதும் வேலை பாதியில் நிற்கிறது. ஒரே அடியில் கை போய்விடக்கூடும் என்று திருப்பூர்த் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். கைக்கவசம் என்ன விலை என்று கேட்டார்.