டூம் ஸ்பிரைட்டைப் பிரித்த கதை: பைட்டுக் கணக்கு உதைக்கும் இடம்

1993இல் வந்த டூம் என்ற கணினிச் சுடும் விளையாட்டின் ஸ்பிரைட், அதாவது அசுரன், துப்பாக்கி போன்றவற்றின் தட்டைப் படம், கோப்பில் சேமிக்கப்படும் வடிவம் இன்று ரகசியமே அல்ல. 1997இலேயே அதன் மூலநிரல் வெளியாகிவிட்டது. அதைத் திறக்காமல், கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரையும் பைத்தான் நிரல்மொழியையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க ஆசை. விடை கையெட்டும் தூரத்தில் இருப்பதும் நல்லதுதான், கடைசியில் சரிபார்த்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டது ஷேர்வேர் (இலவசமாகப் பகிரப்பட்ட) 1.9 பதிப்பின் வாட் கோப்பு, ஆட்டத்தின் படம், ஒலி எல்லாம் அடங்கிய மூட்டை. அளவு 4196020 பைட்.

முதல் நான்கு பைட்டில் ‘ஐவாட்’ என்ற எழுத்துகள். அடுத்த நான்கில் 1264, அதற்கடுத்த நான்கில் 4175796. எண்கள் எல்லாமே லிட்டில் எண்டியன், சிறிய பைட் முன்னால் வரும். 4175796 என்பது கோப்பின் மொத்த அளவுக்கு மிக அருகில் இருக்கிறது, ஆகவே அது வால் பக்கம் எதையோ சுட்டுகிறது. கழித்தால் 20224. அதை 1264ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 16. ஒரு உருப்படிக்கு 16 பைட்: இருக்கும் இடம் 4, அளவு 4, பெயர் 8. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், பொருளடக்கம் கையில்!

ஸ்பிரைட்டுக்குப் போகுமுன் முகப்புத் திரைப் படத்தை எடுத்தேன். எவ்வளவு பெரிய படம் என்று முன்பே தெரிந்ததை உடைப்பது சுலபம். 320×200, புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 64000 வரவேண்டும். பொருளடக்கமோ 68168 என்கிறது. இப்படிக் கணக்கு உதைக்கும் இடத்தில்தான் வடிவம் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். பைட்டுகளை வெறித்துப் பார்ப்பதைவிட, மிச்சம் எங்கே போனது என்று துரத்துவதே பலன் தரும்.

தொடக்கம் 64, 1, 200, 0. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64 + 1×256 = 320, அடுத்தது 200. பிறகு இரண்டு பூஜ்ஜிய எண்கள். அதன்பின் 8, 5, 0, 0, அதாவது 1288. தலைப்பகுதிக்கு 8 பைட், அதோடு 320×4 சேர்த்தால் சரியாக 1288! ஆக இது 320 சுட்டிகள் (கோப்பில் ஓர் இடத்தைக் காட்டும் எண்கள்) கொண்ட அட்டவணை, முதல் சுட்டி அட்டவணை முடிந்த மறு பைட்டைக் காட்டுகிறது. படத்தை வரிவரியாக வைத்திருந்தால் 200 சுட்டிகள் போதும். 320 என்றால் செங்குத்து நெடுவரிசைகள். அடுத்தடுத்த சுட்டிகளுக்கு இடையே 209. 1288 + 320×209 = 68168. ஒரு பைட் பிசகவில்லை.

மீதி இருப்பது 200க்கும் 209க்கும் இடையிலான அந்த 9 பைட். ஒரு நெடுவரிசையை மட்டும் பிரித்தால் அது இரண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மூன்று பைட்: எத்தனையாவது புள்ளியில் தொடங்கும், எத்தனை புள்ளி நீளம், பிறகு ஆட்டம் பயன்படுத்தாத ஒரு பைட். துண்டின் முடிவிலும் அப்படி ஒரு வெற்று பைட். இரண்டு நான்கு எட்டு, கடைசியில் நெடுவரிசை முடிந்தது என்று சொல்லும் 255 ஒன்று. 255ஐத் தேடி வெட்டக்கூடாது, அது ஒரு நிறத்தின் எண்ணாகவும் உள்ளே வரலாம். நீள பைட்டைப் பிடித்தே நகரவேண்டும்.

முகப்புப் படத்தில் தேவையில்லாத சுற்றாகத் தெரியும் இந்த ஏற்பாடு அசுரன் ஸ்பிரைட்டில் வெளுத்து வாங்குகிறது. கைக்கும் காலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை அது எழுதுவதே இல்லை. அடுத்த துண்டின் தொடக்க எண் அதைத் தாண்டிவிடுகிறது. ஊடுருவித் தெரியும் இடத்துக்கென்று ஒரு நிறத்தைத் தியாகம் செய்யாமல் 256 நிறத்தையும் பயன்படுத்தலாம். நெடுவரிசை ஏன் என்பதும் இதோடு ஒட்டியதே. டூம் சுவரையும் அசுரனையும் செங்குத்துக் கீற்றுகளாகவே திரையில் வரைகிறது. ஒரு கீற்று முழுக்க ஒரே தொலைவு, ஒரே உருப்பெருக்கம். கோப்பு, வரையும் நிரலுக்குத் தோதாகவே அடுக்கப்பட்டிருக்கிறது.

நிறப்பட்டியல் தனி உருப்படி, 10752 பைட். 256 நிறம், நிறத்துக்கு 3 பைட் என்று 768ஆல் வகுத்தால் 14 பட்டியல். முதலாவது வழக்கமானது. மற்றவை அடிபட்டால் சிவக்க, பொருள் எடுத்தால் மஞ்சளாக, கதிர்வீச்சு உடையில் பச்சையாக.

முகப்பில் பூஜ்ஜியமாக இருந்த இரண்டு எண்கள் ஸ்பிரைட்டில் உயிர்பெறுகின்றன. படத்தை எந்தப் புள்ளியில் ஊன்றி நிறுத்துவது என்பதைச் சொல்பவை அவை. அசுரனுக்கு முதல் எண் அகலத்தில் ஏறக்குறையப் பாதி. துப்பாக்கிகளிலோ 65000ஐத் தாண்டிய எண்கள் வரும், கூட்டல் கழித்தல் குறியுள்ள 16 பிட் (2 பைட்) எண்ணாகப் படித்தால் அவை எதிர்ம எண்கள். பெயரிலும் ஒரு சிக்கனம். அசுரனை எட்டுத் திசையிலிருந்து பார்க்கலாம்; ஒரு படத்தின் பெயர் ‘ஏ2ஏ8’ என்று முடிந்தால் 2ஆம் திசைப் படத்தையே இடவலம் திருப்பி 8ஆம் திசைக்கும் போட்டுக்கொள் என்று பொருள்.

எல்லா ஸ்பிரைட்டும் இப்போது வழக்கமான பிஎன்ஜி படக் கோப்பாக வருகின்றன. ஆனால் அசுரன்கள் சற்றுக் குட்டையாகத் தெரியும். 320×200ஐ 4:3 திரையில் விரித்த காலத்து ஓவியங்கள் அவை. உயரத்தை 1.2 மடங்காக்கினால் சரியாகிவிடும். தரைப் படங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, தலைப்பகுதியே கிடையாது, 64×64 என்று 4096 பைட் அப்படியே கிடக்கின்றன. சுவர்கள்தான் பாக்கி. அவை பல படங்களை ஒட்டிச் செய்தவை, ஒட்டும் விவரம் வேறொரு உருப்படியில் இருக்கிறது. அடுத்து அதைத்தான் பிரிக்கவேண்டும்.